மஞ்சள் அல்லி வந்த வழி

இடது கையில் சுண்டுவிரல் மட்டும் பாக்கி. நகவெட்டியை அதன் மேல் வைத்து அவர் மூச்சைப் பிடித்துக்கொண்ட நேரம் பார்த்து அவள் கேட்டாள்.

"ஏங்க, அந்த மஞ்சள் அல்லி ஞாபகம் இருக்கா?"

"எது? கையை ஆட்டாதே. சதையோட வெட்டிடப் போறேன்."

"நீங்க கொண்டு வந்தது. டிபன் டப்பாவுல வச்சு."

அவர் முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்குக் கிரேன்காரர் என்றுதான் பெயர். நாற்பது டன் சரக்கை முட்டையை வைப்பது போல லாரியில் வைத்த கை, முப்பத்தாறு கிலோவுக்கு வந்துவிட்ட மனைவியின் சுண்டுவிரல் நகத்துக்கு முன்னால் தடுமாறியது. நான்கு மாதமாக அவள் படுக்கையில் இருந்தாள். ஈரல் என்றார்கள். பிறகு ஈரல் மட்டும் இல்லை என்றார்கள். பிறகு எதுவும் சொல்லாமல், கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் கட்டில் ஒன்றை எங்கே வாடகைக்கு எடுக்கலாம் என்று மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த நகக்கண்களில் எப்போதும் கரும்பச்சையாக ஒரு கோடு இருக்கும். ஏரிச்சேறு. எந்த சோப்புக்கும் மசியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும். நான்கு மாதத்தில் அது தானாகவே போய்விட்டிருந்தது. இப்போது அவர் வெட்டிக்கொண்டிருந்தது யாரோ ஒருத்தியின் சுத்தமான நகம்.

"ஞாபகம் இல்லாம என்ன? பெட்டி உடைஞ்ச அன்னைக்குத்தானே?" என்றார்.

அது கல்யாணமாகி இரண்டாவது மாதம். வேறொரு கண்டத்திலிருந்து வந்த கப்பல். ஏதோ ஹோட்டல் தோட்டத்துக்கான குளத்துச் செடிகள். கொக்கியை அவர் ஒரு நொடி முன்னால் தளர்த்திவிட்டதில் மரப்பெட்டி ஒன்று மூலையில் இடித்து வாய் பிளந்தது. தரையெல்லாம் ஈரப்பாசி, கிழங்குகள். குப்பையில் தள்ளச் சொன்னார் மேஸ்திரி. தள்ளுவதற்கு முன்னால் அவர் ஒன்றை மட்டும் எடுத்து, மதியம் சாப்பிட்டு முடித்த டப்பாவில் ஈரத்துணி சுற்றி வைத்துக்கொண்டார். புது மனைவிக்கு ஏரி ஆபீசில் வேலை, செடி என்றால் சந்தோஷப்படுவாள் என்று ஒரு கணக்கு. சந்தோஷம்தான் பட்டாள். மொட்டைமாடியில் சிமெண்ட் தொட்டியில் வைத்தாள். நாற்பது நாளில் பூத்தது. மஞ்சள் என்றால் முட்டைக்கருவின் மஞ்சள். மாடிக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அதுவரை அந்த ஊரில் யாரும் மஞ்சளில் அல்லி பார்த்ததில்லை.

"வீடு மாறும்போது ஆபீஸ்ல யாருக்கோ குடுத்துட்டேன்னு சொன்னியே."

"குடுக்கலை."

அவர் நகவெட்டியை எடுத்துவிட்டார்.

"பக்கெட்ல தூக்கிட்டுப் போய் ஏரியில விட்டேன். பம்ப் ஹவுஸ் படிக்கட்டுகிட்ட. புது வீட்ல நமக்குன்னு மொட்டைமாடி கிடையாது. சாகவிட மனசு வரலை. அவ்வளவுதாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை. அஞ்சு நிமிஷ வேலை."

"சரி, விட்டே. அதனால என்ன இப்போ?"

"அதனாலயா?" அவள் இப்போதுதான் கண்ணைத் திறந்தாள். வெள்ளைவிழி மஞ்சளாகிவிட்டிருந்த கண்கள். "ஏரியில இன்னைக்கு முக்கால்வாசி மஞ்சள் அல்லிதாங்க. மத்த எல்லாத்தையும் மூடிடுச்சு. நம்ம ஏரிக்குன்னே இருந்த வெள்ளை அல்லி, ஒரு காலத்துல கரையிலேர்ந்து கரை வரைக்கும் கிடந்தது, இப்போ வடக்கு மூலையில ஒரு வீடு அளவுக்குத்தான் இருக்கு. வாய்க்கால் வந்து சேருதே, அந்த வாய்ல. இருபத்தொன்பது வருஷம் வருஷா வருஷம் அறிக்கை எழுதினேன். வெளிச்செடிகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. பேரு, எங்க இருக்கு, எவ்வளவு பரப்பு, வந்த வழி. வந்த வழிங்கற கட்டத்துல என்ன எழுதினேன் தெரியுமா?"

"என்ன எழுதினே?"

"தெரியவில்லை."

வெளியே மாடிப்படியில் யாரோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு படியிலும் பெடல் இடிக்கும் சத்தம் கேட்டது. 

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நான்கு மாதமாகப் பயந்து பயந்து காத்திருந்தவர் அவர். கடைசியில் ஏதாவது சொல்லுவாள், என்ன சொல்லுவாளோ என்று. சொல்ல வந்தது ஒரு பூச்செடி விவகாரம்.

"நான் குடுத்ததுன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு மறைச்சியாக்கும், ஆபீசரம்மா?"

"அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய்யி. என்னைத்தான் காப்பாத்திக்கிட்டேன். உங்களை ஒரு சாக்கா வச்சுக்கிட்டேன்."

நோயாளி என்று பார்க்காமல் ஒரு வினாடி அவருக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். வாரத்தில் ஒரே விடுமுறை. இடுப்பளவு தண்ணீரில் நின்று களை பிடுங்கிவிட்டுச் சாயங்காலம் உப்பிய விரல்களோடு வருவாள். அப்படி அந்தச் சேற்றில் என்னதான் இருக்கிறது என்று அவர் கத்தியிருக்கிறார். ஏரியைக் கட்டிக்கொண்டிருக்கலாமே என்று ஒரு நாள் சொல்லவும் சொல்லிவிட்டார். அவள் துணி மாற்றப் போனாள். அன்றிலிருந்து அவர் ஏரிப்பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை.

"அதைப் பிடுங்கத்தான் போனியா?"

"பிடுங்கத்தான். பிடுங்கப் பிடுங்க வந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்கக்கூடாது. அத்தனை கோவத்துலயும், மதியம் நிமிர்ந்து பாத்தா வாயடைச்சுப் போயிடும்ங்க. அவ்வளவு அழகு. ஏரி முழுக்க இருக்கறது ஒரே செடி, தெரியுமா? இங்க அது விதையே வைக்கலை, நானும் வருஷக்கணக்கா தேடிப் பாத்துட்டேன். லட்சம் பூ பூத்தாலும் அது ஒண்ணுதான். நீங்க டப்பாவுல கொண்டு வந்த அதே செடி. நமக்கு வயசாச்சு, அதுக்கு ஆகலை."

அவர் அந்தக் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். கட்டைவிரல் அளவு. மிஞ்சிப் போனால் ஒரு விரல்கணு கூட.

அவளுக்கு மூச்சு வாங்கியது. தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார். அது போதும் என்று கையாலேயே சொல்லிவிட்டு அவள் அவசரமாகத் தொடர்ந்தாள். தெரியவில்லை என்று எழுதியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வருஷம் மேலதிகாரி ஒருவர் துருவித் துருவிக் கேட்டார். அப்போது ஒரு வரி சேர்த்தாள்: வடக்கு வாய்க்கால் வழியாக வந்திருக்கலாம். அந்த 'லாம்' அடுத்தடுத்த அறிக்கைகளில் தேய்ந்து போயிற்று. வாய்க்கால் வழியாக வருகிறது என்று ஆகிவிட்டது. இப்போது வாய்க்காலை அடைக்கப் போகிறார்கள். வருகிற திங்கட்கிழமை கான்கிரீட். வெள்ளை அல்லிக்கு மிச்சமிருக்கும் ஒரே நல்ல தண்ணீர் அதுதான். அடைத்தால் ஒரு கோடையில் முடிந்துவிடும். மஞ்சளுக்கு ஒன்றும் ஆகாது.

"போன வாரம் எங்க படகுக்காரர், அந்தக் கொக்கு, வந்து சொன்னப்போதான் எனக்கே தெரியும். ஆபீசுக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன். என் குரலைக் கேட்டதும் என் இடத்துக்கு வந்திருக்கற அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா. அதுக்கு மேல என்னத்தைச் சொல்ல? சொல்லாம வச்சுட்டேன். நீங்க சொல்லணும்."

"நானா?"

"கொண்டு வந்தது நீங்கதானே."

சொல்லிவிட்டு அவள் லேசாகச் சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷத்துக் குறும்பு முழுவதும் அந்த உலர்ந்த உதட்டில் ஒரு நொடி வந்து போயிற்று. அவர் பாக்கி இருந்த சுண்டுவிரலை எடுத்து நகத்தை வெட்டினார். கை தடுமாறவில்லை.

பதினோரு மணிக்கு மகள் வந்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள், பாதி நாள் விடுப்பு போட்டு வந்திருந்தாள். அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் முழு நாள் விடுப்புக்குப் போன் செய்தாள். ஒரு மணிக்கு மூச்சு வேறு மாதிரி ஆயிற்று. நடுநடுவே நின்றது. மகள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நிற்கும்போதெல்லாம் இரண்டு பேருடைய மூச்சும் சேர்ந்து நின்றது. அது மறுபடி வந்ததும் இவர்களுடையதும் வந்தது. இரண்டு மணிக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு முறை அது வரவில்லை. இவர்களுடையது மட்டும் வந்தது.

"அப்பா," என்றாள் மகள்.

"பாத்துட்டேன்மா," என்றார்.

கட்டிலை மெதுவாகச் சமமாக்கினார். கைப்பிடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் கிறீச்சிட்டது. எண்ணெய் போட வேண்டும் என்று நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிவதற்குள் உறவு என்று இருந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளி நடுவில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் பெரிய பிளாஸ்கில் காபி கொண்டு வந்து வைத்தார்கள். யாரும் குடிக்காததுபோல இருந்தது, ஆனால் ஒன்பது மணிக்குப் பிளாஸ்க் காலியாக இருந்தது.

சமையலறையில் மகளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் குழாயை மூடிவிட்டு முழுவதும் கேட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா."

"உங்கம்மா சொல்லச் சொன்னா."

"அம்மா மார்ஃபின்ல இருந்தாங்க."

"தெளிவாத்தான் இருந்தா. என்னைக் கிண்டல் பண்ற அளவுக்குத் தெளிவு."

"அப்பா, ஏரிக்கரையில கட்டற ஹாலுக்கு அம்மா பேரு வைக்கப் போறாங்க. இந்த ஏரியைக் காப்பாத்தினவங்கன்னு கல்லுல எழுதப் போறாங்க. இன்னைக்கு வர்றவங்க எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. அவங்க முன்னாடி போய், ஏரியைக் கெடுத்ததே இவதான்னு சொல்லப் போறீங்களா? உள்ள அவங்க படுத்திருக்கும்போது?" பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வாரம் போகட்டும். ஒரு மாசம் போகட்டும்."

திங்கட்கிழமை கான்கிரீட் என்பதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மகளின் தோளைத் தட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். உண்மையைச் சொன்னால், மகள் சொன்னது அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

ஒன்பதரைக்கு ஏரி ஆபீசிலிருந்து வந்தார்கள். ஏழெட்டுப் பேர். முன்னால் புது அதிகாரி, முப்பத்தைந்து வயதுப் பெண், இறந்தவளிடம் பயிற்சிக்கு வந்து சேர்ந்து அவளுடைய நாற்காலிக்கே வந்தவள். அவளுக்குப் பின்னால் படகு ஓட்டுகிறவர். ஆள் ஆறடிக்கு மேல், சதை என்று பேருக்குக்கூட இல்லை, கழுத்து மட்டும் முன்னால் வந்து நிற்கும். கொக்கு என்று அவருக்குப் பெயர் வைத்தது இறந்தவள்தான். கொக்கின் இரண்டு கையிலும் இரண்டு வாளி. வாளி நிறையத் தண்ணீர், தண்ணீரில் நீளமான காம்புகளோடு மொட்டுகள்.

"அக்காவுக்குப் பிடிச்ச ஏரியிலேர்ந்து," என்றாள் அதிகாரி. "விடியக்காலம் நாங்களே இறங்கிப் பறிச்சோம். வெள்ளையைப் பறிச்சா அக்காவுக்குப் பிடிக்காது. தண்ணியிலயே வச்சிருக்கணும். இல்லாட்டி வாடிடும்."

மகள் அகலமான அலுமினியப் பாத்திரம் இரண்டு எடுத்து வந்தாள். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. எல்லாம் இறுக மூடிய பச்சை மொட்டுகள். பூ கொண்டு வருவார்கள், மொட்டைக் கொண்டு வருவார்களா என்று யாரோ முணுமுணுத்தார்கள். வேறு கிடைக்கவில்லையாக்கும் என்றார் இன்னொருவர். கொக்கு சுவரோடு சுவராக நின்று இறந்தவளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரேன்காரர் தலைமாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மொட்டு ஒன்றின் பச்சை இதழ் விளிம்பில் மஞ்சள் ஒரு நூல் அளவுக்குத் தெரிந்தது. 

பத்தரை இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் கூடத்தின் நடுவுக்கு வந்திருந்தது. அழுகை ஓய்ந்து, பேச்சும் ஓய்ந்து, எடுப்பதற்குக் காத்திருக்கும் வெறும் நேரம். மடியில் குழந்தையை வைத்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்திதான் முதலில் பார்த்தாள்.

"அய்யோ, இங்க பாருங்க."

தலைமாட்டில் ஒரு மொட்டு அவிழ்ந்துகொண்டிருந்தது. பச்சை இதழ்கள் நான்கும் நாலு பக்கமும் சாய்ந்துவிட்டன. உள்ளே மஞ்சள், அடுக்கு அடுக்காக, யாரோ உள்ளிருந்து விரல்களால் தள்ளுவது போல விரிந்தது. கண்ணுக்குத் தெரியும்படியாக. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு கால்மாட்டில். ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று முடிந்துவிட்டிருந்தது. கால் மணி நேரத்தில் இரண்டு பாத்திரத்திலும் மொட்டு என்று ஒன்று இல்லை. செத்த வீட்டில் அப்படி ஒரு நிறம் இருக்கலாமா என்று கூச்சப்படும் அளவுக்கு மஞ்சள். அது அவள் கன்னத்திலும் நெற்றியிலும் ஏறி, நான்கு மாதத்து நோயின் மஞ்சளை மூடிவிட்டது. வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. மொட்டு என்று குறை சொன்னவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தை மட்டும் ஏதோ சத்தம் போட்டது.

கிரேன்காரர் பாத்திரத்தின் மேல் குனிந்தார். அது அவளுடைய மொட்டைமாடியில் பூத்த அதே செடி. வேறு ஒன்று அல்ல, அதன் பிள்ளையும் அல்ல. அவரைத் தேடிக்கொண்டு அது வீட்டுக்கே வந்திருந்தது. அதற்கு அவர்கள் இருவர் மேலும் எந்தப் புகாரும் இருப்பதாகத் தெரியவில்லை. பூக்க வேண்டிய நேரத்தில் அது பூத்தது, அவ்வளவுதான். அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரு மாதம் போகட்டும் என்று இருப்பது அவருக்குத் திடீரென்று அசிங்கமாகப் பட்டது.

எழுந்து புது அதிகாரியைக் கண்ணால் கூப்பிட்டு மாடிப்படிக்கு அழைத்துப் போனார்.

சுற்றி வளைக்காமல் சொன்னார். பெட்டி, டப்பா, தொட்டி, பக்கெட், பம்ப் ஹவுஸ் படிக்கட்டு. வாய்க்காலைப் பற்றி எழுதிய ஒரு வரி. சொல்லி முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அதிகாரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணீர் எல்லாம் நின்றுபோய் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"அக்கா சொன்னாங்களா? அவங்க வாயால?"

"நேத்துக் காலையில."

"நான் இதை வச்சுத்தான் ஆராய்ச்சியே எழுதினேன் சார். வாய்க்கால் வழியா வருதுன்னு. மேல எட்டு கிலோமீட்டர் நடந்தேன். ஒரு செடிகூட அங்க இல்லை. இப்போ இல்லைன்னா முன்னாடி இருந்திருக்கும்னு நினைச்சேன். எழுதினது அக்காவாச்சே." அவள் குரல் உயர்ந்தது. "என் பக்கத்து மேஜையிலதான் உக்காந்திருந்தாங்க. நான் நடந்துட்டு வந்தப்போ கால்ல கொப்புளத்துக்கு மருந்து போட்டதே அவங்கதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்கு, அவள் சார்பில், திட்டு வாங்க வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

அவள் திட்டவில்லை. "எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள். "வாயால சொன்னா நிக்காது. திங்கட்கிழமை மெஷின் வந்துடும்."

மகளின் கைப்பையிலிருந்து பேனா வந்தது. மகளே கொண்டு வந்து கொடுத்தாள். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். காகிதத்துக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம். படியில் உட்கார்ந்து, முழங்காலை மேஜையாக்கி, கிரேன்காரர் எழுதினார். மஞ்சள் அல்லியை இந்த ஊருக்குக் கொண்டு வந்தவன் நான். அதை ஏரியில் விட்டவள் என் மனைவி. வாய்க்காலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கீழே தேதி, கையெழுத்து. நிறுத்தி, இன்னொரு வரி சேர்த்தார்: அவள் அதை முப்பது வருஷம் தன் கையால் பிடுங்கினாள்.

"கடைசி வரி தேவையா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்," என்றாள் அதிகாரி.

பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள்.

அடுத்த நாள் காலை ஐந்தேகாலுக்கு வாசலில் கொக்கு நின்றார்.

"மாமா, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க. ஏழு மணிக்கு மேல வெள்ளை அல்லி மூடிக்கும்."

இறந்தவளை அக்கா என்று கூப்பிட்டவர், ஆகவே இவர் மாமா. முப்பது வருஷமாக அந்த மனிதருக்குத் தான் மாமா என்பது இவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுக்க நினைத்தவர் செருப்பைத் தேடினார்.

ஏரிக்கரையில் வெளுப்பு வந்திருந்தது. மறுகரையில் நின்ற லாரி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. தட்டையான படகு. கொக்கு துடுப்பை எடுக்கவில்லை, நீளமான கழியால் ஊன்றித் தள்ளினார். கரையிலிருந்தே இலை. பழுப்புத் திட்டுகள் விழுந்து, தேமல் படர்ந்தது போன்ற இலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. மொட்டெல்லாம் மூடியிருந்தது. படகு அவற்றின் மேல் கரகரவென்று உரசிக்கொண்டே போயிற்று. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். படகு போன தடம் மூடிக்கொண்டுவிட்டது.

"மேடம் நேத்து சாயங்காலமே வாய்க்கால் வேலையை நிறுத்திட்டாங்க மாமா. ஹாலுக்குப் பேரு வைக்கறதைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லலை."

"வைக்காட்டிப் போகுது."

"அதுவும் சரிதான். அக்கா அந்த ஹால் கட்டறதுக்கே சண்டை போட்டவங்க. கரையில இருந்த கோரையை வெட்டிட்டாங்கன்னு."

வடக்கு மூலையில் மூங்கில் கழிகளை வரிசையாக நட்டு, நடுவில் வலை கட்டியிருந்தது. வலைக்கு இந்தப் பக்கம் மஞ்சள் அல்லியின் இலை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கொக்கு ஓர் இடத்தில் வலையைத் தூக்கிப் பிடிக்க, படகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிற்று.

தண்ணீர் தெரிந்தது. அதுதான் முதலில். அத்தனை இலைக்குப் பிறகு கறுப்பாக, அசையாமல், வானத்தை வைத்துக்கொண்டு தண்ணீர். அதன் மேல் அங்கங்கே வெள்ளைப் பூக்கள். சாப்பாட்டுத் தட்டு அகலம் ஒவ்வொன்றும். ஒரு முழம் உயரத்துக்குத் தண்ணீரிலிருந்து எழுந்து, இரவெல்லாம் விழித்திருந்தவர்களைப் போல முழுக்க விரிந்து நின்றன. வெயில் இன்னும் வரவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. எங்கிருந்து என்று அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு பூக்களைப் பார்த்தார். 

"அறுபத்துமூணு," என்றார் கொக்கு, குரலைத் தாழ்த்தி. "அக்கா படுக்கறதுக்கு முன்னாடி நாப்பத்தெட்டு."

அவர் கையை விட்டு ஓர் இலையைத் திருப்பினார். விளிம்பெல்லாம் ரம்பம் போல வெட்டு. அடிப்பக்கம் செம்பழுப்பு. விரல் வைத்தால் பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று ரோமம். அவளுடைய விரல்கள் எத்தனை ஆயிரம் தடவை இதைத் தடவியிருக்கும் என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்கவில்லை. இலையை இருந்தபடி திருப்பி வைத்தார்.

வெயில் மூங்கில் வரிசையைத் தொட்டபோது அவர்கள் வெளியே வந்தார்கள். வலையின் ஓரத்தில் கொக்கு கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார். கீழ்க்கண்ணியில் சின்னக் கிழிசல். அதன் வழியாக வெளியிலிருந்து வெளிறின கயிறு ஒன்று உள்ளே நுழைந்திருந்தது, சுண்டுவிரல் கனத்தில்.

"மஞ்சளோட கொடி. நாலு மாசமா வலையை யாரும் பாக்கலை இல்ல. இழுத்துடணும்." கொக்கு குனியப் போனார்.

"நீ படகைப் பிடிச்சுக்கோ," என்றார் அவர்.

பேன்ட்டை மடிக்கவில்லை. அப்படியே இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. சேறு காலை மெதுவாக வாங்கிக்கொண்டது. கொடியைப் பிடித்ததும் அது கையில் உயிரோடு இருப்பது போல வழுக்கியது.

"வெடுக்குன்னு இழுக்காதீங்க மாமா. பிஞ்சா போச்சு, பிஞ்ச துண்டு ஒவ்வொண்ணும் ஒரு செடி. தூங்கற புள்ளைக்குச் சட்டை கழட்டற மாதிரி இழுக்கணும். அக்கா அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

அவர் இழுத்தார். ஒரு கை, பிறகு மறு கை. சேற்றிலிருந்து கொடி விட்டுக்கொடுத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையையும் விரித்த ஒரு பாகத்துக்கு ஒரு கணு. கணுவில் குட்டி வாழைச்சீப்பு போல வேர்க்கிழங்குக் கொத்து, இரண்டு சுருட்டின இலை, ஒரு மொட்டு. கொக்கு அதை வாங்கிப் படகுக்குள் வட்டமாகச் சுற்றி வைத்தார். இன்னொரு பாகம், இன்னொரு கணு. படகின் அடிப்பலகை மறைந்தது. கொக்கின் கணுக்கால் மறைந்தது. அவருக்கு எதிரே ஏரி விரிந்து கிடந்தது, அதன் எந்த மூலையிலிருந்து அது வந்துகொண்டிருந்ததோ தெரியவில்லை. தூரத்தில், வெயில் முதலில் விழுந்த இடத்தில், இலைக்கூட்டம் ஒன்று இவர் இழுப்புக்கு ஏற்றபடி லேசாக அசைந்தது.

"இன்னும் வருதா மாமா?"

"வருது," என்றார் அவர், மெதுவாக இழுத்தபடியே.